ஹாலந்துக்காரன் பனியன்

அக்கா, இறந்துபோனவரைக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோதே உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இன்று நல்லூர் பேருந்தில் எனக்கு முன்னால் ஒருவர் நம் கம்பெனியில் தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு நின்றார். வெளுத்த நீலம், முதுகில் அந்தக் கால்பந்தாட்டக்காரன், ஹாலந்துக்காரன் பெயர்.

காலேஜ் விடுமுறைகளில் செக்கிங் மேசையில் உங்கள் பக்கத்தில் நின்று ஏற்றுமதிப் பனியன்களில் பிசிறு வெட்டுவேன். வருடாவருடம் கால்பந்து கிளப் மாறும், நிறம் மாறும். முதுகில் அவன் பெயர் மட்டும் திரும்ப வரும். பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து உங்களுக்குச் சொல்வேன். ஹாலந்தில் தொடங்கினான், பெல்ஜியம் போனான், அப்புறம் இங்கிலாந்து, துருக்கி. பெரிய நட்சத்திரமில்லை. முன்வரிசையில் ஆடுவான், சில கோல் போடுவான், பிறகு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"மறுபடியும் ஊரு மாறிட்டானா? அவன் பொண்டாட்டி பாவங் கண்ணு, எத்தன வாட்டிதான் சட்டிபானைய மூட்ட கட்டுவா!"

நீங்கள் இப்படிக் கேட்டதும் மேசையே சிரிக்கும். ஒருநாள் அதோடு நிறுத்தாமல், "அவன உக்கார வெச்சா ஊரு மாறிடறான். நம்மள வருசம் பூரா நிக்க வெச்சாலும் இங்கயேதான் நிக்கறோம்" என்றீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

நீலப் பனியன்களைப் பெட்டியில் அடுக்கி முடித்த வாரம் அவன் வேறு கிளப்புக்குப் போய்விட்டான். ஆர்டர் ரத்து. மொத்தமும் உள்ளூர்க் கடைகளுக்குப் போனது. ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "வாடா சாமி, கடைசில நீயும் இங்கதான் மாட்டிக்கிட்டயா" என்றீர்கள். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பட்டம் வாங்கியும் நான் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். மேசையிலிருந்து ஆபீஸ் கண்ணாடி அறைக்கு மாறியிருக்கிறேன், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் உங்கள் இடம் தெரியும். இப்போது பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பாவிடம் சொன்னேன்.

"ஏன் அம்மிணி, இங்க இல்லாத பனியன் கம்பெனியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் ரசம் ஊற்றினேன்.

அவர் என்னைக் காலேஜுக்கு அனுப்ப மறுத்தபோதும் இப்படித்தான் ஊமையாக நின்றேன். நீங்கள்தான் பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்து, "ஏனுங்ண்ணா, புள்ள படிக்கட்டுமுங்க" என்றீர்கள். உங்கள் பேச்சை மட்டும் அவர் தட்டியதில்லை. அந்தக் குரல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என் வாயில்தான் வரமாட்டேன் என்கிறது.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன், அக்கா. திங்கட்கிழமைக்குள் ஒருமுறை அப்பாவின் கனவில் வாருங்கள். அதே வாசலில் நின்று, "ஏனுங்ண்ணா" என்று ஆரம்பியுங்கள்.