அட்டைக்குள் இருந்த தாள்

லண்டன், செயின்ட் பால் தேவாலய முற்றம்
ஞாயிற்றுக்கிழமை

என் அருமை மகள் தாமசினுக்கு அப்பா ஆம்ப்ரோஸ் எழுதுவது. வயிற்றுப் பிள்ளையோடு நீ நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மாப்பிள்ளை எல்லிஸ் உயிரோடு இருக்கிறார். காய்ச்சலும் குறைந்திருக்கிறது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இதை மென்மையாகச் சொல்ல வழி தேடிச் சில தாள்களைக் கிழித்துப் போட்டேன், கிடைக்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். புத்தகம் கட்டும்போது மாப்பிள்ளை, அட்டை கெட்டியாக இருக்கக் கழிவுத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவார் என்பது உனக்குத் தெரியும். அவற்றை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. நான் வாங்கிக் கொடுத்த கழிவுத் தாள் கட்டிலிருந்துதான் அவர் எடுத்தார். ஒரு சீமாட்டிக்கு அவர் கட்டிக் கொடுத்த ஜெபப் புத்தகம் ஈரத்தில் ஊறி அட்டை பிளந்தது. உள்ளே, திருச்சபை ஆயர்களைத் திட்டி யாரோ திருட்டுத்தனமாக அச்சிட்ட நூலின் பக்கம். அதை வைத்திருந்ததே குற்றம் என்று மாப்பிள்ளையைப் பிடித்துப் போனார்கள்.

விசாரணையில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுந்தேன். தாள் கட்டு என்னுடையது, என் கையே போகட்டும் என்றேன். அதிகாரி என் விரல்களைப் பார்த்தார். "பெருசு, உன் கை இப்பவே இந்த ஆட்டம் ஆடுது. இதை வெட்டி யாருக்கு என்ன லாபம்? வேலை செய்யுற கையை வெட்டினாத்தான் நாலு பேரு பயப்படுவாங்க. போய் உக்காரு." மன்றமே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாமோ என்னவோ.

வெள்ளிக்கிழமை சந்தையில் தண்டனையை நிறைவேற்றினார்கள். மறுநாளே பக்கத்துக் கடை யாக்ஸ்லி அதைப் பாட்டாக அச்சிட்டுத் தூணில் ஒட்டினார். "என்ன ஆம்ப்ரோஸ், உம்ம மருமகன் பாட்டு சுடச்சுடப் போகுது! உம்ம கடைக்கும் ஒரு கட்டு அனுப்பவா?" என்றார். மாப்பிள்ளை புத்தகம் தைக்கும் மரச்சட்டம் இனி சும்மாதானே கிடக்கும், தனக்குத் தர முடியுமா என்றும் கேட்டார்.

மாப்பிள்ளை இடது கையால் கஞ்சி குடிக்கப் பழகுகிறார். பாதி சட்டையில்தான் சிந்துகிறது. "மாமா, தாமசின் துவைச்சே ஓஞ்சுபோவா," என்று அவரே சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன்.

செவ்வாய்க்கிழமை அவரை உன் ஊர் நார்விச்சுக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிடுகிறேன். இறங்கும்போது ஓடிப்போய்த் தாங்காதே, தானாக இறங்கட்டும். குழந்தை பிறந்ததும் அவரிடம் கொடு. வேண்டாமென்று பின்வாங்குவார். கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்காமல் அடுத்த அறைக்குப் போய்விடு.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தையைப் பார்க்க என்னை அழைக்க வேண்டாம், மகளே. அழைத்தால் வந்துவிடுவேன்.

உன் தகப்பன்
ஆம்ப்ரோஸ்