பத்தொன்பதாம் வளைவு

மார்ச் 3, திங்கள்

மழை. எங்கள் பஸ் கம்பெனி அலுவலகக் கூரை மறுபடி ஒழுகுகிறது. கோப்புகளைச் சுவரோரம் இழுத்து வைத்தோம். வழித்தடப் பிரிவை மேனேஜர் கூப்பிட்டார். பிரிவு என்றால் நானும், நாளெல்லாம் தூங்கி வழிவதால் நாங்கள் கும்பகர்ணன் என்று கூப்பிடும் எழுத்தரும்தான்.

"ரயில்காரன் நம்ம ஆளுங்களை அள்ளிட்டுப் போயிட்டான். வேலைக்குப் போறவங்களை விடுங்க, ஊர் சுத்தப் போறவங்களைப் பிடிப்போம். தூரத்து இடங்களுக்குப் புது ரூட் யோசிச்சுக் கொடுங்க" என்றார்.

நாற்பத்தாறு வயதில் ஒருமுறைகூட ஊர் சுற்றப் போகாதவளிடம் கேட்கிறார்.

மார்ச் 6, வியாழன்

எழுதி எழுதி அடிக்கிறேன். வெள்ளி மாலை புறப்பட்டு, விடியும்போது கடற்கரையில் இறக்கிவிடும் வண்டி ஒன்று. பறவைகள் வந்திறங்கும் உப்பளங்களுக்கு ஒன்று, அந்த இரண்டு மாதம் மட்டும். வயதானவர்களுக்காக, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் நல்ல கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து நிற்கும் வண்டி ஒன்று. மனசோடு எழுதியது இதைத்தான். கும்பகர்ணன் ஒரு கண்ணைத் திறந்து, "மூட்டுவலி எக்ஸ்பிரஸ்னு பேர் வைங்க மேடம்" என்றார். இந்த வாரம் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

கடைசியாக, மலைமேல் இருக்கும் ஏரி. படகு, விடுதி எல்லாம் இருக்கிறது. நேர்ப் பேருந்துதான் இல்லை. அடிவாரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். இதுவரை ஏன் யாரும் விடவில்லை?

மார்ச் 14, வெள்ளி

மேனேஜருக்கு ஏரி மட்டும்தான் பிடித்தது. வழியைப் பார்த்துவர என்னை அனுப்பினார். ஜீப்பை என் தம்பி ஓட்டினான். எங்கள் கம்பெனியிலேயே பதினோரு வருஷமாக இரவு வண்டி ஓட்டுகிறவன். அவன் மகளுக்கு அப்பா என்றால் பகலில் போர்வைக்குள் தூங்குகிற ஓர் ஆள்.

மொத்தம் இருபத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள். பத்தொன்பதாவதில் அவன் ஜீப்பை ஓரங்கட்டி இறங்கிவிட்டான். முன்னால் பாறை. பின்னால் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. சாலையை நாடா பிடித்து அளந்தோம்.

"பெரிய வண்டி ஒரே வெட்டுல திரும்பாதுக்கா. பின்னால எடுத்துத்தான் திருப்பணும். மேகம் இறங்கிட்டா பின்னால என்ன இருக்குன்னே தெரியாது. சின்ன வண்டின்னா கவலையில்ல. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அறிக்கை கொடுத்தேன். அந்த வளைவுக்கு ஒரு பத்தி: சிறிய வண்டி மட்டுமே விட வேண்டும். மேனேஜர் எங்கள் மேசைக்கே வந்து அதை விரலால் தட்டினார். பக்கத்தில் கும்பகர்ணன் மேசைமேல் தலை கவிழ்ந்திருந்தார்.

"சின்ன வண்டி விட்டா கட்டுப்படியாகாது. இந்தப் பத்தியை மேல இருக்கறவங்க பாத்தா ரூட்டே கிடையாது. எடுத்துருங்க. நல்ல டிரைவரா போட்டா போச்சு." பிறகு, கண்ணாடியைத் துடைத்தபடியே, "உங்க தம்பியையே போடுவோம். பகல் வண்டி. ராத்திரி வீட்டுல இருப்பான்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 19, புதன்

எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

முதல் பயணம். பெரிய வண்டிதான்; இருக்கை எல்லாம் நிறைந்துவிட்டது. தம்பி மனைவி மகளோடு நிலையத்துக்கே வந்துவிட்டாள். "ராத்திரி அவர் வீட்டுல இருக்காருன்னு பாப்பா தூங்கவே மாட்டேங்கறா, அண்ணி. எல்லாம் உங்களாலதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நடத்துனர் அவனைவிட மூத்தவர், ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம். "உங்க தம்பி ஓட்டினா நான் கண்ணை மூடிக்கிட்டே டிக்கெட் கிழிப்பேம்மா" என்று கடகடவென்று சிரித்தார்.

வண்டி திரும்பி வரும்வரை நான் நிலையத்திலேயே இருந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கவிழவில்லை. கவிழவில்லை என்று எழுதி எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

காலை பத்து மணிக்கு மேகம் இறங்கியிருக்கிறது. பத்தொன்பதில் தம்பி வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறான். நடத்துனர் இறங்கிப் பின்னால் நின்று குரல் கொடுத்திருக்கிறார். சக்கரம் இடித்ததும் சுவர் சரிந்தது. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில். தம்பி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், பயணிகளை ஒவ்வொருவராக முன்வாசல் வழியே இறக்கியிருக்கிறான். எல்லோரும் பிழைத்தார்கள். இடிந்த சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நடத்துனரின் வலது கால்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 30, புதன்

தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு. மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மாலை அவன் வீட்டுக்கு வந்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். "எனக்கு ஒண்ணும் பயமில்லக்கா. அந்த வளைவைப் பத்தி நீதான் எழுதிக் கொடுத்திருக்கியே. அதைப் பாத்தும் பெரிய வண்டி விட்டது அவங்கதானே. விசாரணையில அதை எடுத்துக் காட்டு, போதும்."

ம் என்றேன். என்ன மனுஷி நான்? ம்-னு சொல்லிட்டு அவனுக்கு இன்னொரு டம்ளர் தண்ணி கொடுத்தேன்.

மே 4, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

சொல்லிவிட்டேன். அவன் வீட்டுக் கூடத்தில், நின்றுகொண்டே. பத்தியை நானே எடுத்தேன், மேனேஜர் கேட்டார், உனக்குப் பகல் வண்டி கிடைக்கும் என்றார் என்று எல்லாம்.

தம்பி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்த ரூட்டை எடுத்துக்கச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமேக்கா. நான் மாட்டேன்னிருப்பேன்" என்றான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

"உங்களுக்காகத்தான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

தம்பி மனைவி என் செருப்பை எடுத்து வந்து காலருகே திருப்பி வைத்தாள். "எங்களுக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணி. போயிட்டு வாங்க."

மே 21, புதன்

விசாரணை. நீள மேசை, மூன்று பேர். பத்தி இருக்கும் முதல் அறிக்கையைத் தேதியோடு அச்செடுத்து அவர்கள் முன் வைத்தேன். "எடுக்கச் சொன்னது மேனேஜர். எடுத்தது நான். ஓட்டுநர் முதல் நாளே எச்சரித்தார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

மேனேஜர், "நான் சொன்னதுக்குச் சாட்சி யாரு?" என்று கேட்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த கும்பகர்ணன் எழுந்தார். "நான் தூங்குறேன்னு நெனச்சுப் பேசினீங்க சார். நான் தூங்கல" என்றார்.

தம்பி வெளியே பெஞ்சில் இருந்தான். நான் கடந்து போனபோது சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 6, வெள்ளி

முடிவு வந்தது. தம்பி மேல் தவறில்லை. நகரப் பேருந்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மலை வழித்தடம் ரத்து. மேனேஜருக்கு மாற்றல், அவ்வளவுதான். என் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. பதினெட்டு வருஷச் சாமான் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கியது.

தம்பிக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். "அப்பா குளிக்கிறாங்க அத்தை." பின்னால் அவன் பேசும் சத்தம் கேட்டது.

ஜூன் 15, ஞாயிறு

நடத்துனர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவிக்கு நான் யாரென்று தெரிந்திருந்தது. கதவை விட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து அவர், "வரச் சொல்லு. நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் அழும்" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். கிளம்பும்போது அவர் மனைவி, யாரிடமோ சொல்வதுபோல, "செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரி. எனக்கு வேலைக்கு லீவு தர மாட்டேங்கறாங்க" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டோவில் கூட்டிப்போய் வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

செயற்கைக்கால் பொருத்திய பிறகு முதல் தடவையாக ஆஸ்பத்திரியிலிருந்து பேருந்தில் திரும்பினோம். ஆட்டோ வேண்டாமென்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். நிறுத்தத்தில் வண்டி வந்து நின்றபோது ஓட்டுநர் இருக்கையில் தம்பி.

எங்களைப் பார்த்தான். நடத்துனர் கையைத் தூக்கினார், அவனும் தூக்கினான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டான். படி உயரம். அவரை ஏற்ற நேரம் பிடித்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவரைச் சன்னலோரம் உட்கார வைத்தேன். எனக்கு இடமில்லை; கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி நகரவில்லை. ஹாரன் இன்னும் பலமாயிற்று.

நடுவரிசையில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன். மேலே இருந்த கண்ணாடியில் தம்பியின் கண்கள் ஒரு நொடி தெரிந்தன.

அதன் பிறகுதான் வண்டியை எடுத்தான்.