கடைசி வரிக்குப் பதில்

நாஷ்வில்,
9 அக்டோபர் 1968, புதன்கிழமை.

அன்பு மிக்க மனைவி ஓர்லீனாவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

என் ஞானப்பாடல் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு ஏழாம் தேதி, திங்களன்று தொடங்கியது. முதல் வரியைப் பாடிவிட்டு, நம் சபையார் திருப்பிப் பாடுவார்களே, அந்தப் பழக்கத்தில் நிறுத்திக் காத்திருந்தேன்.

"என்ன பெரியவரே, வரி மறந்துபோச்சா?" என்றார் தயாரிப்பாளர்.

"அவர் மறக்கலீங்க, நாமதான் வாயத் திறக்கல!" என்றார் டிரம்ஸ் வாசிக்கும் டெல்மர். நம் மலைப்பக்கத்தவராம். குச்சிகளை வைத்துவிட்டு அவர் பதில் வரி பாட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

வாத்தியம் கூடாதென்பது நம் சபை ஒழுங்கு. அதனால் என் இசைத்தட்டு எதையும் நீ கேட்டதில்லை. குறைகூறவில்லை. இந்த ஒரு பாட்டில் வாத்தியமே இல்லை. கடைசி வரிக்கு மட்டும் யாரும் பதில் பாடவேண்டாமெனக் கேட்டுக்கொண்டேன். அங்கே தட்டு மௌனமாகச் சுழலும். அந்த வரியை நீ பாடவேண்டும்.

டிசம்பர் இரண்டாம் தேதி, திங்களன்று வெளியாகிறது. பக்கத்து வீட்டு எத்தலின் இசைப்பெட்டியில் போட்டுக் கேள்.

கம்பளிக் காலுறையும் நம் சோளமாவும் அனுப்பு. விடுதி ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. தபால்காரர் வாசலில் நிற்கிறார். வழக்கம்போல் நான் பாடி முடிக்குமுன் உன் வரியைத் தொடங்கிவிடாதே.

உன்
ஹோபர்ட்