“சிகிச்சைக்கு முன்” என்று போட்ட படம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், உன் தங்கையைப் பற்றிக் கீழே சொல்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ பத்து வார்த்தை சொல்கிறாய், பத்தாவது வார்த்தை மீட்டிங். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. என் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது என்று நீ கிண்டல் செய்வதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். அவள் விஷயத்தை அவளையே எழுத வைக்கிறாயே என்றார் அப்பா. அவளைக் கேட்காமல் அவளை அச்சடிக்கலாம், எழுதச் சொல்லக் கூடாதா என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். மேஜை மேல் வழவழப்பாக நாலைந்து புத்தகம் கிடந்தது, பின்னட்டையில், மருந்துக் கம்பெனிகளுக்கு விளம்பரப் புத்தகம் தயாரித்துக் கொடுக்கிற உன் கம்பெனி பேர். மருந்துக் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போனாராம். பக்கத்தில் ஒருத்தி மடியில் பெண் குழந்தையோடு இருந்தாள், அந்தக் குழந்தைக்கும் கழுத்தில் இவளுக்கு இருப்பது போலவே படை. இது என் பையன் எழுதினது என்று அவளிடம் பீற்றிக்கொண்டே புரட்டினேன். ஆறாம் பக்கத்தைத் திருப்பினேன். கண் மேல் கறுப்புப் பட்டை போட்டு ஒரு படம். பட்டைக்குக் கீழே என் மகளின் கழுத்து, செதில் செதிலாக அந்தப் படை, காதோரத்து மச்சம், நீலப் பொத்தான் கிடைக்காமல் காலரில் நான் தைத்த பச்சைப் பொத்தான். சீட்டு கொடுக்கிறவள் எட்டிப் பார்த்து, அட, நம்ம பாப்பா பொத்தான் மாதிரியே இருக்கே என்றாள். அன்றைக்கும் இவள் அதே சட்டையைத்தான் போட்டிருந்தாள். காலரைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். திருட்டுத்தான், உன்னால் அதையும் செய்தேன்.

போனில் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், கண்ணை மறைச்சிட்டோம்மா, யாருக்கும் தெரியாது, எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம் என்றாய். பூனை தன் கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்று நினைக்குமாம். நீங்கள் அடுத்தவள் கண்ணை மூடிவிட்டு உலகம் இருண்டது என்கிறீர்கள். போன தடவை வந்தபோது இந்தப் படத்தை எதற்கு எடுத்தாய்? அங்கே பெரிய டாக்டரிடம் காட்டி மருந்து கேட்கிறேன் என்றுதானே. மருந்தும் வரவில்லை, பதிலும் வரவில்லை, புத்தகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் ஒதுக்கி ஒதுக்கி ஒன்பதாவதோடு வீட்டில் உட்கார்ந்தவள், மூன்று வருஷம் கழித்துத் தையல் கடைக்கு வேலைக்குப் போகச் சம்மதித்திருந்தாள். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். இப்போது வாசலில் குப்பை கொட்டக்கூடத் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

இதோடு போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அந்தப் புத்தகத்தை இரண்டு நாள் எழுத்துக்கூட்டிப் படித்தவள் இவள்தான். படத்துக்கு அடியில் சிகிச்சைக்கு முன் என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பளிச்சென்ற கழுத்து, எட்டு வாரத்துக்குப் பின் என்று. அம்மா, அந்தக் கழுத்தில் மச்சம் இல்லை என்றாள். பிறகு, அண்ணன் படம் எடுத்தபோது நான் இந்தப் புத்தகத்தில் சொல்கிற இதே களிம்பை ஆறு மாதமாகப் பூசிக்கொண்டிருந்தேன் என்றாள். மறுபடி போன் செய்தால், ஆஸ்பத்திரி அனுப்பின படம் மங்கலா இருந்தது, மறுநாள் அச்சு, கம்ப்யூட்டரில் இதுதான் இருந்தது, அளவும் சரியா இருந்தது என்கிறாய். மங்கலாக இருந்தால் மங்கலாகவே போட்டிருக்க வேண்டியதுதானே. பூசியும் போகாத கழுத்தைக் காட்டி, பூசினால் போய்விடும் என்று சொல்வதற்கு உனக்கு எப்படி மனசு வந்தது? அந்தக் குழந்தையின் அம்மா களிம்புப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள், நான் கண்ணால் பார்த்தேன். பீற்றிக்கொண்டு பக்கத்தைக் காட்டியதும் நான்தான்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்கிறாய். போகட்டும் என்று சொல்ல நான் பெரிய மகான் இல்லை. ஆனால் நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால் மட்டும் மாலை போடுவார்களா? உன் மேலதிகாரியிடம் நீயே போய், படம் தப்பு, நான்தான் போட்டேன் என்று சொல். புத்தகம் போன ஒவ்வொரு டாக்டருக்கும் திருத்தம் போக வேண்டும். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அவன் வேலை அவனுக்குத் தெரியும் என்றார். சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பேரைச் சொல்லி நான் மறுபடியும் நாலு பேரிடம் பீற்ற வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், என் பேச்சுக்கு மூடாதே. வெள்ளிக்கிழமைக்குள் மேலதிகாரியைப் பார்த்துவிட்டுப் போன் செய். மீட்டிங் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அம்மா எழுந்து போய்விட்டாள், இது நான் எழுதுவது. படம் எடுத்தபோது அசையாதே என்றாய். எனக்காக எடுக்கிறாய் என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேற்று நான் மட்டும் டாக்டரிடம் போனேன். துண்டு சுற்றிக்கொண்டுதான் போனேன், அங்கே எடுத்துவிட்டேன். அந்தக் குழந்தையின் அம்மா வந்திருந்தாள். அது என் கழுத்து, ஆறு மாதம் பூசினேன், போகவில்லை என்று அவளிடமும் டாக்டரிடமும் சொன்னேன். திருத்தம் போடும்போது என் படத்தை நீக்கிவிட வேண்டுமா என்று நீ கேட்டால் சொல்கிறேன். ஆறு மாதம் பூசிய பின் என்று அடியில் போடுவதானால் இருக்கட்டும். அந்தக் கறுப்புப் பட்டை மட்டும் வேண்டாம்.