வாயைக் குவித்து ‘ஈ’

மயூர் விஹார், தில்லி
8.2.1998

அன்புள்ள மேதாவுக்கு,

அம்மா ஆசிகளுடன் எழுதுவது. முழங்கால் வலி பரவாயில்லை. கோடையில் உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். உங்களோடு இருக்கும் உன் மாமியாருக்கு இங்கிலீஷ் வராது. சம்பந்திகள் இரண்டு பேரும் எத்தனை நாள் சிரித்தே சமாளிப்பது?

நாக்குதான் குழப்புகிறது. இங்கிலீஷ் டீச்சராகவே காலம் தள்ளியவளாயிற்றே. பெயருக்கு ஜெர்மனில் ‘நாமெ’ என்கிறார்கள்; எழுத்து இங்கிலீஷில் உள்ளதேதான் என்பதால் ‘நேம்’ என்றுதான் படிக்கிறேன். மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது?

அன்புடன்,
அம்மா

கொலோன்
21.2.1998

அன்புள்ள அம்மா,

என் தமிழைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே. ‘ஊ’ சொல்வதுபோல் வாயைக் குவித்துக்கொள். குவித்தபடியே ‘ஈ’ சொல். அதுதான் அந்த ஒலி. ‘ஓ’வை இங்கிலீஷ் மாதிரி கடைசியில் வளைக்காதே. தோசை என்று சொல்வாயே, அந்த ‘ஓ’ போதும்.

ஆனால் இவ்வளவு சிரமம் எதற்கு? இந்தக் கோடையில் எனக்கு வேலை அதிகம், அடுத்த வருஷம் பார்க்கலாம். வீட்டில் தபால் தொலைகிறது, ஆபீஸுக்கே எழுது. போன் நானே பண்ணுகிறேன்.

மேதா

மயூர் விஹார்
10.3.1998

அன்புள்ள மேதா,

கண்ணாடி முன் வாயைக் குவித்துப் பழகிக்கொண்டிருந்தேன். பால்காரர் எட்டிப் பார்த்து, “ஆன்ட்டிஜி, பல் வலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று உன் மாமியாருக்குப் பிறந்தநாள் அல்லவா? பூத்திலிருந்து போன் செய்து ஜெர்மனிலேயே வாழ்த்தினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு, மேதா இருக்கிறாளா என்று கேட்டேன். அவர் எனக்காக நிறுத்தி நிறுத்தி, “மேதா வோன்ட் நிஷ்ட் மேர் ஹியர்” என்றார்.

அப்படியே எழுதிக்கொண்டுபோய் வகுப்பில் கேட்டேன். மேதா இப்போது இங்கே குடியிருக்கவில்லை என்று அர்த்தமாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் ஏதோ எழுத்தைத் தப்பாகச் சொல்லி, அவர் வேறு யாரையோ நினைத்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். எங்கே தப்புச் செய்தேன் என்று எழுது, திருத்திக்கொள்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா

கொலோன்
22.3.1998

அம்மா,

உன் உச்சரிப்பில் தப்பே இல்லை.

நவம்பரிலிருந்து தனியாக இருக்கிறேன். அந்த அம்மாள் மேல் கோபப்படாதே, அவருக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு வந்துவிட்டது.

புது விலாசம் பின்பக்கம் இருக்கிறது. ஒரே அறைதான், இரண்டு பேர் படுக்கலாம். இந்தக் கோடையிலேயே வா.

மேதா