அப்பாவின் பத்தொன்பது நிமிடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், இங்கே எந்நேரமும் அதே நினைப்புதான். நாங்கள் நலம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நலத்துக்குக் கொஞ்சம் கீழே, படுக்கைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறோம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு இடது முழங்கால் மடங்க மறுக்கிறது, தையல் மெஷினை வலது காலாலேயே மிதித்துப் பழகிவிட்டேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடைத் துணி வீடு முழுக்கக் குவிந்து கிடக்கிறது. சின்னவளுக்குப் பல் விழுந்த படத்தைப் பார்த்தோம். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

நீ அனுப்பிய செய்தி வந்தது. ‘அப்பாவ ஊர் சிரிக்க வச்சிட்டியேம்மா’ என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்தேன். சித்தப்பா உனக்குப் போன் போட்டு என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும், என்னிடம் வாசலில் நின்று சொன்னதைத்தான் உன்னிடமும் சொல்லியிருப்பார். இரண்டு மாதமாக நான் பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை பாப்பா, அலுப்பு. ஒருவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, மாத்திரை கொடுத்து, இருபது பாவாடைக்கு மடிப்பு வைத்து முடித்தபின் நியாயம் பேச உடம்பில் தெம்பு இருப்பதில்லை. இன்றைக்கு அப்பா மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறார், துணியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கே கோர்வையாக வரும்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போனாய். அப்போது அவருக்கு வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது, நினைவிருக்கும். முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவர், ஓய்வு பெற்றபின் பதினோரு வருஷம் நம் தெருமுனை சமூக வானொலியில் காலை அறிவிப்பைச் சம்பளமில்லாமல் படித்தவர், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மின்சாரம் எங்கே நிற்கும், யாருடைய சாவிக்கொத்து காணோம் என்று ஊருக்கே சொன்னவர், அவருக்கு மிஞ்சியது ‘நடைமேடை’. தண்ணீர் வேண்டுமென்றாலும் நடைமேடை, கால் வலித்தாலும் நடைமேடை, என்மேல் கோபம் வந்தாலும் அதே நடைமேடைதான், கொஞ்சம் உரக்க. நீ போனபின் பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு தடவை வந்தார். ஒன்று முதல் பத்து வரை எண்ண வந்தது, ‘வேண்டாம்’ வந்தது, சின்னச் சின்ன வார்த்தைகள் சில நாள் வரும், சில நாள் வராது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் அவர் ஓர் எழுத்தைத் தொடங்கியதுமே ஆளுக்கொரு வார்த்தையை எடுத்து நீட்டுவார்கள், காப்பியா, கண்ணாடியா, கதவா என்று. ஏதோ புதிர்ப்போட்டி மாதிரி. ஒரு நாள் எழுந்து உள்ளே போனவர், அதன்பிறகு யார் வந்தாலும் முன்னறைக்கு வரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மைக்கம்மா வந்தாள். சித்தப்பா அவளைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார். முப்பது வயதுப் பெண், காது கேட்கும் கருவி பழுது பார்க்கும் கடையில் வேலை, எங்கே போனாலும் ஒரு கையில் ஒலிவாங்கி இருக்கும், அதனால் ஊரே அப்படித்தான் கூப்பிடும். வானொலியில் ஞாயிறு மூன்று மணிக்கு அவளுக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். பாட்டு கிடையாது, பேச்சும் பெரும்பாலும் கிடையாது. ஒரு வாரம் தெருக்குழாயில் வரிசையாகக் குடம் நிரம்பும் சத்தம், இன்னொரு வாரம் சலவைக்கடையின் நீராவிப் பெட்டி மூச்சு விடுவது, பழைய கட்டடத்தின் லிஃப்ட் ஏறி இறங்குவது. முதல் வாரம் வானொலி கெட்டுப்போய்விட்டதென்று நானே பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் ஏரியல் கம்பியைச் சரி செய்ய மாடியில் ஏறி நின்றார். ஆனால் அப்பா கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குடம் எந்த நொடியில் நிரம்பும் என்று விரலை உயர்த்திக் காட்டுவார், சரியாக இருக்கும்.

அவள் அப்பாவைப் பார்க்க வந்தபோது அவர் வழக்கம்போல உள்ளே போகத்தான் எழுந்தார். அவள் எதுவும் விசாரிக்கவில்லை, உட்கார்ந்தாள். அவர் ஏதோ சொல்ல வந்தார், நின்றது. அவள் அப்படியே இருந்தாள். நான் மெஷினில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத்தான் தாங்கவில்லை. கடைசியில் அவரே ‘உக்காரு’ என்றார், அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன்பிறகு பதினோரு மதியம் வந்தாள். அவருடைய பழைய அறிவிப்புத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, படிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். குழாய் பழுது காரணமாக நாளை காலை ஆறு முதல் எட்டு வரை தண்ணீர் வராது, பொதுமக்கள் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும், அவ்வளவுதான் செய்தி. முன்பு அரை நிமிடத்தில் படித்திருப்பார். இப்போது பத்தொன்பது நிமிடம். அதைத்தான் அவள் ஒரு வினாடிகூட வெட்டாமல் வானொலியில் போட்டாள்.

இங்கேதான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போடுவதற்கு முன்னால் அவள் வீட்டுக்கு வந்து எங்கள் இருவருக்கும் முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன் என்றாள். அப்பா கேட்டார், கேட்டுவிட்டு இடது கையால் சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டார். நான் கேட்கவில்லை. துணிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், அடுப்பில் பால் இருந்தது, ‘எதையாவது போட்டுக்கம்மா’ என்று சொல்லிவிட்டேன். அதனால் மற்றவர்கள் மாதிரி நானும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாகக் கேட்டேன். அப்பா ‘நா’ என்கிறார், மூச்சு வாங்குகிறார், நாற்காலி முனகுகிறது, ‘நா… நாள்’ என்கிறார். உடனே ஒரு பெண் குரல், ‘நாளை காலை, நாளை காலை, சொல்லுங்க’ என்று. யாருடா இவள், இவ்வளவு அவசரமாக என்று நினைத்தேன். நான்தான். மெஷினில் உட்கார்ந்தபடி, தலையைக்கூடத் தூக்காமல். பத்தொன்பது நிமிடத்தில் ஒன்பது தடவை நான் அவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கியிருக்கிறேன். ஒரு இடத்தில், ‘விடுங்களேன், யாருக்குத் தெரியப்போகுது’ என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். சொன்ன நினைவே எனக்கு இல்லை. ஊர் அப்பாவைக் கேட்டது, நான் என்னைக் கேட்டேன். சித்தப்பா வந்து கத்தியபோது நான் வாய் திறக்காமல் நின்றது அதனால்தான், அவர் சொன்னது முழுக்கச் சரி என்பதால் இல்லை.

நிலையத்துக்கு அன்று சாயங்காலமே முப்பது அழைப்புக்கு மேல் வந்ததாம். ஒரு நோயாளியை இப்படிக் காட்சிப் பொருளாக்கலாமா என்று பாதிப் பேர், தண்ணீர் உண்மையிலேயே வராதா என்று மீதிப் பேர். நிர்வாகக் குழு கூடி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்து, குடும்பத்தின் சார்பில் நானே வந்து வாசித்தால் பேச்சு அடங்கும் என்று குழுச் செயலாளர் வீடு தேடி வந்து சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன் பாப்பா. எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ஒரு தாள்தானே, படித்துவிட்டு வந்தால் துணியை முடிக்கலாம் என்றிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் செருப்பைத் தேடினார்.

நிலையம் சைக்கிள் கடைக்கு மேலே என்பது உனக்குத் தெரியும், பதினெட்டுப் படி. கடைக்காரர் ஒரு பக்கம், மைக்கம்மா ஒரு பக்கம் பிடித்து, நான் பின்னால் நின்று, கால்மணி நேரம் ஏறினோம். சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த அந்தச் சின்ன அறையில் வெளிச்சத்தம் நின்றதும் எனக்குத் தூக்கம்தான் வந்தது. கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து கையைக் காட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. நான் தாளைத் தூக்கினேன். ‘எங்கள் குடும்பத்தின் சார்பில்’ வரை படித்தேன். அப்பா என் கையிலிருந்து தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், பழைய பழக்கம், இரண்டு விரலால். ‘நா’ என்றார். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

பத்து வினாடிக்கு மேல் சத்தமில்லாமல் போனால் பாட்டுப் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. மேசைக்காரர் கை பொத்தானுக்குப் போவதைப் பார்த்தேன். நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் தெரியாது, எழுந்து, கதவைத் திறந்துகொண்டு போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பாவம், மிரண்டுவிட்டார். எனக்கும் வாயில் வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது, அப்பா என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும், நாற்பது வருஷமாகத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தையே பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி ஆயிற்று. ‘நான்… தான். போட… சொன்னேன். என்… குரல்.’ பிறகு இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார், வரவில்லை, சலித்துப்போய் ‘நடைமேடை’ என்றார். மேசைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், கண்ணாடி வழியாக அதைப் பார்த்த அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் வானொலியில் போயிற்று. ஊர் சிரித்தது என்றால், அது இதுதான். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. குழு விடவில்லை, மைக்கம்மாவின் ஞாயிற்றுக்கிழமை நேரத்தை நிறுத்திவிட்டார்கள், இப்போது அதில் பழைய பாட்டு ஓடுகிறது. அவள் வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள், போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தாள், ரொம்ப நேரம் இருந்தாள், நான் நடுவில் பேசவில்லை. சித்தப்பா வருவதில்லை. அப்பாவுக்குக் காலை அறிவிப்பும் திரும்பக் கிடைக்கவில்லை. நிலையப் பொறுப்பாளர் மட்டும் பிடிவாதமாக நின்று புதன்கிழமை மதியம் கால்மணி நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஒரே ஒரு அறிவிப்பு, நடுவில் எத்தனை தடவை நின்றாலும். போன வாரம் நூலகம் மூடியிருக்கும் நாளைச் சொன்னார். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர், இவரைப் போலவே வாய் இழுத்துக்கொண்டவர், மனைவியோடு வந்து கீழே சைக்கிள் கடை முக்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார், இன்னும் மாடி ஏறவில்லை. வீட்டில் அப்பாவுக்கு முன்னைவிடக் கோபம் அதிகம். பேச வேண்டும் என்று ஆசை வந்துவிட்டதால் வராதபோது தட்டைத் தள்ளுகிறார், போன வெள்ளிக்கிழமை ஒரு கண்ணாடி டம்ளர் போயிற்று. பொறுத்துக்கொள்கிறேன் என்று பெருமையாக எழுத மாட்டேன், நானும் பதிலுக்குக் கத்தினேன், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பொறுக்கினோம். வாராவாரம் அந்தப் பதினெட்டுப் படியை நினைத்தால் செவ்வாய்க்கிழமையே முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. ஏற்றிவிட்டு நான் அங்கே மிஞ்சிய மெத்தை ஒன்றின்மேல் சாய்ந்து தூங்கிவிடுகிறேன். சத்தம் நுழையாத அறை பாப்பா, யாரும் எதையும் கேட்காத கால்மணி நேரம். அவர் என்ன படித்தார் என்பதைப் பாதி நாள் படி இறங்கும்போது கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நீ கோபப்பட்டதில் தப்பில்லை, தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் பெரிதாகத்தான் கேட்கும். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, ஒரு முக்காலி போடச் சொல். மாப்பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்றாயே, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டச் சொல். சித்தப்பாவிடம் நீ சண்டை போட வேண்டாம், அவருக்கு அண்ணனின் பழைய குரல்தான் வேண்டியிருக்கிறது, எனக்கும்தான், அதற்கு யார் என்ன செய்ய முடியும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மனது ஒட்டி, நீண்ட நாள் இருக்க வேண்டும், வேறு எதுவும் நான் கேட்பதில்லை.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. அடுத்த தடவை கூப்பிடும்போது அப்பாவிடம் கொடுக்கிறேன். உன் பெயரின் முதல் எழுத்து அவருக்கு வருகிறது, மீதி இன்னும் வரவில்லை. சத்தமே இல்லாமல் இருக்கும், ஹலோ ஹலோ என்று கத்தாதே, இணைப்பு போய்விட்டது என்று வைத்துவிடாதே, நீயே உன் பெயரைச் சொல்லியும் கொடுத்துவிடாதே. சும்மா காதில் வைத்துக்கொண்டு இரு. அவர் அந்தப்பக்கம் இருப்பார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா