சிக்னோரின் புண்ணாக்கு

பலெர்மோ
9.11.1997

அன்புள்ள துஷாந்திக்கு,

உமக்கு இருமல் விட்டதா? மாமியின் முழங்கால் எப்படி? என்னைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. இத்தாலிச் சாப்பாட்டில் தொந்தியும் வைத்துவிட்டது.

போன கிழமை ஒரு பகிடி நடந்தது. நான் வேலைசெய்யும் வீட்டுச் சிக்னோர் சீனாவின் பழைய தேயிலை வாங்கிச் சேர்க்கிறவர். வட்டமாக அழுத்திக் காயவைத்து, கடதாசியில் சுற்றி வரும். பழசாகப் பழசாகத்தான் திறமாம். அப்படி ஒன்றைக் கடதாசி கழற்றிக் குசினி மேசையில் வைத்திருந்தார். பார்த்தால் அச்சாக எள்ளுப் புண்ணாக்கு. பல்கனி எலுமிச்சைக்கு உரமாகத்தான் வாங்கினார் என்று நினைத்து, உடைத்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன்.

சிக்னோர் வாளிக்குள் குனிந்து பார்த்தார். "அதுக்கு உம்மட வயசு, சிவபாலன்" என்றார். வேலை போய்விட்டது என்றே நின்றேன். "எங்கட ஊரில இதை மாட்டுக்குக் கரைச்சு வைக்கிறது, சிக்னோர்" என்றேன். அவர் கதிரையில் இருந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த நாள் வியா மக்வேதாத் தெருவுக்குப் பக்கத்துச் சீனக் கடைக்கு என்னையும் கூட்டிப்போய் வேறொன்று வாங்கினார். எனக்கும் ஊற்றித் தந்தார். மண் வாசம், ஆனால் பழுதில்லை.

இப்போது அவருக்கு எங்கள் புண்ணாக்கைப் பார்க்கவேண்டுமாம். தேயிலை அலுமாரியில் இடமும் விட்டிருக்கிறார். என்னோடு அறையில் இருக்கும் கொட்வின் நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு வட்டு கொடுத்துவிடும். கடதாசியில் சுற்றினால் உடைந்துவிடும். நீர் உடுத்தின சேலை ஒன்றில் சுற்றும், தோய்க்கவேண்டாம்.

சிக்னோர் தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறார், போகிறேன். புண்ணாக்கை மட்டும்தான் அவருக்குக் கொடுப்பேன்.

சிவபாலன்